ஜெயசீலனை உட்கார வைத்த வாரம்

1. பத்து நிமிடம்

கோரையாறு ஸ்போர்ட்டிங் கிளப்பின் கால்பந்து அணிக்குப் பிசியோவாகச் சேர்ந்து நான் போன முதல் ஆட்டத்திலேயே ஒரு தப்புச் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் இருபத்தேழு வருஷம் பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் இருந்தேன். பக்கவாதம் வந்தவர்கள், முட்டி மாற்றியவர்கள், தோள் இறுகிப் போனவர்கள், இவர்கள்தான் என்னிடம் வருவார்கள். ஒருவரை நடக்க வைக்க மூன்று மாதம் ஆனாலும் அங்கே யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஓய்வு பெற்ற நான்காவது மாதம் கிளப் செக்ரட்டரி சின்னச்சாமி வீட்டுக்கு வந்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவருடைய இடுப்பு வலிக்கு நான்தான் பார்த்திருந்தேன்.

"ஏனுங்க பழனிச்சாமி, ஊட்ல சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? நம்ம கிளப்புக்கு ஒரு பிசியோ வேணுமுங்க. ஏழு வருசமா ரெண்டாவது டிவிஷன்லயே கெடக்கறோம். இந்த வருசம் எப்பிடியாச்சும் மேல போயே ஆகோணும்" என்றார்.

எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டேன்.

முதல் ஆட்டம் எங்கள் கிரவுண்டிலேயே. எங்கள் விங்கர் ரங்கன், அகளிக்காரர், பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்று பின் தொடையைப் பிடித்தார். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். குப்புறப் படுக்க வைத்து அழுத்திப் பார்த்தேன். ஹாம்ஸ்ட்ரிங் என்ற பின்தொடைத் தசையில் ஒரே ஒரு இடத்தில் விரல் பட்டதும் துள்ளினார். ஆஸ்பத்திரியாக இருந்தால் மறுபேச்சில்லாமல் ஐஸ் வைத்துப் படுக்க வைத்திருப்பேன்.

கோச் சஜீவ் லைனில் நின்று கூப்பிட்டார். திருச்சூர்க்காரர். தமிழும் மலையாளமும் கலந்துதான் எங்களிடம் பேசுவார்.

"சேட்டா, பத்து மினிட் மதி. பின்னே நான் மாத்திக்கறேன்."

பத்து நிமிடம் போதும் என்கிறார். ரங்கனும், "ஓடிருவேங்க சார், டேப் மட்டும் சுத்தி விடுங்க" என்றார். கேலரியில் கூச்சல். ரெஃபரி கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் ஸ்பிரே அடித்து, டேப் சுற்றி, "பாத்து ஓடுங்க" என்று அனுப்பினேன்.

அவர் உள்ளே போன நான்காவது நிமிடம் ஒரு நீளமான பாஸ். ரங்கன் முழு வேகத்தில் கிளம்பினார். யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்தது போல விழுந்தார். பக்கத்தில் யாருமே இல்லை.

இரண்டரை மாதம் வெளியே இருந்தார். திரும்பி வந்தபோது ஓடினார், ஆனால் முதல் இரண்டு எட்டில் ஆளைத் தாண்டும் அந்தப் பாய்ச்சல் போயிருந்தது. ஜனவரியில் ஊருக்குப் போய்விட்டார். இப்போது அகளியில் ஜீப் ஓட்டுகிறார். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. கோச்சும் சொல்லவில்லை. டேப் சுற்றியது என் கை, அனுப்பியது என் வாய் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

2. வலியை எங்கே பார்ப்பது

அதற்குப் பிறகு பெஞ்சில் என்னால் உட்கார முடியவில்லை. ஆட்டம் தொடங்கியதும் எழுந்துவிடுவேன். தடகளப் பாதை வரைக்கும் போவேன், திரும்புவேன். "பிசியோ, உள்ளே வாங்க" என்று பெஞ்சைக் கவனிக்கும் ஃபோர்த் அஃபிஷியல் இரண்டு முறை எச்சரித்திருக்கிறார். பந்து எங்கே இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. யார் கால் நீட்டி வைக்கிறார், யார் குறுக்கி வைக்கிறார், யார் இடுப்பில் கை வைக்கிறார் என்றுதான் பார்ப்பேன். கோல் விழுந்தால் சத்தத்தை வைத்துத்தான் தெரியும். வீட்டிலும் அதே கதை. "சோறு திங்கறப்பக்கூட நாலு தடவ எந்திரிக்கறீங்க, ஏனுங்க இப்படி?" என்று மனைவி கேட்டாள்.

எங்கள் கேப்டன் ஜெயசீலன். சென்டர் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆள். அப்போது வயது முப்பத்தொன்று. வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். அம்மா கொழுந்து எடுத்தவர். அங்கே பந்தாடும் இடம் சரிவில் இருந்ததால், தப்பாக அடித்த பந்து பெரியாற்றுக்குப் போய்விடுமாம். போனால் அடித்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். அதனாலோ என்னவோ, நெருக்கடியில் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. காலில் வாங்கி, நிமிர்ந்து பார்த்து, ஆளுக்குத்தான் கொடுப்பார். பார்க்கிற எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மற்றவர்கள் சின்னச் சுளுக்குக்கும் என் அறைக்கு வந்து படுத்துக்கொள்வார்கள். ஜெயசீலன் எல்லோரும் போன பிறகு வருவார். "ஒண்ணுமில்லண்ணே, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பார். சாக்ஸைக் கழற்றினால் கணுக்கால் பூசணி மாதிரி இருக்கும்.

"வலிக்குதா?" என்று அவரிடம் கேட்பது வீண் என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். எப்போதும் ஒரே பதில்தான். அதனால் அழுத்தும்போது முகத்தைப் பார்க்க மாட்டேன், கால் விரலைப் பார்ப்பேன். முகம் சிரித்துக்கொண்டிருக்கும், பெருவிரல் மட்டும் மடங்கும். "ரெண்டு நாள் ப்ராக்டிஸ் கிடையாது" என்பேன். "எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்பார். நான் சொன்னதில்லை.

ரங்கன் இல்லாமல் முதல் மாதம் தடுமாறினோம். நவம்பரிலிருந்து பிடித்துக்கொண்டோம். கோல் நிறைய அடித்தோம் என்று சொல்ல முடியாது. வாங்காமல் இருந்தோம். ஒன்றுக்கு சைபர், ஒன்றுக்கு சைபர் என்று ஏறி, ஏப்ரலில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டோம். முதல் இரண்டு அணிகள்தான் மேலே போகும். மிச்சம் இரண்டு ஆட்டம்.

3. தொடுபுழாவில்

கடைசிக்கு முந்திய ஆட்டம் தொடுபுழாவில். மாலை நான்கு மணிக்கு. வண்டிப்பெரியாரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஜெயசீலனின் மனைவி ரீட்டாவும் வந்திருந்தார். எஸ்டேட் தொழிற்சாலையில் வேலை, அன்று லீவு போட்டு வந்திருந்தார்.

இரண்டாம் பாதியில் நாங்கள் ஒரு கோல் முன்னால். கார்னர் ஒன்று வந்தது. ஜெயசீலனும் எதிரணி ஸ்ட்ரைக்கரும் ஒரே பந்துக்கு எகிறினார்கள். சத்தம் பெஞ்ச் வரைக்கும் கேட்டது. தேங்காயோடு தேங்காய் மோதின சத்தம்.

நான் ஓடிப் போகும்போதே ஜெயசீலன் எழுந்து நின்றுவிட்டார். நெற்றியில் ரத்தம் இல்லை. "ஓகேண்ணே, ஓகே" என்று கையை ஆட்டினார். அடிபட்ட அந்த ஸ்ட்ரைக்கர் புருவம் கிழிந்து படுத்திருந்தார். எல்லோரும் அவரைச் சுற்றித்தான் நின்றார்கள். பார்க்கிற யாரும் எங்கள் ஆளுக்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைப்பார்கள்.

தலையில் அடிபட்டால் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. கேட்டேன்.

"நாம எந்த ஊர்ல இருக்கோம்?"

"தொடுபுழா."

"இது எந்தப் பாதி?"

"செகண்ட் ஹாஃப்ணே."

"கோல் அடிச்சது யாரு?"

அவர் ஒரு நொடி நின்றார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். அது போன வாரம் கோல் அடித்தவர் பெயர். அன்று கோல் அடித்தது வேறு ஆள். அதற்கு பாஸ் கொடுத்ததே ஜெயசீலன்தான்.

மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே பெயர். துளிச் சந்தேகமில்லாமல் சொன்னார். பொய் சொல்லும்போது எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். இது பொய் இல்லை. அவர் அப்படித்தான் நம்பினார்.

கையை உயர்த்தி மாற்று ஆள் வேண்டும் என்று சைகை காட்டினேன். கோச் லைனில் கத்தினார். "எந்தா சேட்டா? அவன் நிக்கறானல்லோ."

ஜெயசீலன் என் கையைத் தட்டிவிட்டார். "என்னண்ணே பண்றீங்க? இன்னும் இருவது நிமிசம் கெடக்கு."

"வெளிய வா" என்றேன். அதுவரை அவரிடம் நான் ஒருமையில் பேசியதில்லை.

அவர் இடத்தில் சம்சுதீன் இறங்கினார். முப்பத்து நாலு வயது. வாளையாரில் ரோட்டோரம் டயர் பஞ்சர் கடை வைத்திருப்பவர். அந்த சீசன் முழுக்க ஐந்தாறு தடவை, கடைசி நிமிடங்களில் மட்டும் இறங்கியவர். எப்படியோ தாக்குப்பிடித்து அந்த ஒரு கோலில் ஜெயித்தோம்.

டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தபோது ஜெயசீலன் மூலையில் வாந்தி எடுத்தார். பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. "கன்கஷன்தான், மூளை குலுங்கிருக்கு. ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று கேட்டேன். "தலைவலி நிக்கணும். அப்புறம் படிப்படியா. அது உங்களுக்கே தெரியுமே" என்றார்.

தெரியும். தலைவலி முழுக்க நின்ற பிறகு முதலில் நடை, அப்புறம் மெதுவான ஓட்டம், அப்புறம் பந்தோடு பயிற்சி, அப்புறம் ஆளோடு மோதும் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். கடைசி ஆட்டத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது.

4. வெயிலில் சுருங்கிய கண்

கடைசி ஆட்டம் எங்கள் கிரவுண்டில். எங்களோடு மோதுவது மூன்றாம் இடத்தில் இருந்த அணி. எங்களுக்கு ட்ரா போதும். தோற்றால் அவர்கள் மேலே போவார்கள், நாங்கள் எட்டாவது வருஷமும் கீழே.

ஜெயசீலனுக்கு இரண்டு நாள் தலைவலி இருந்தது. மூன்றாம் நாள் இல்லை என்றார். வாசிக்கச் சொன்னேன், வாசித்தார். பத்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னேன், ஒன்பது சொன்னார். ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கச் சொன்னேன், என்னைவிட நன்றாக நின்றார். நான்காம் நாள் கிரவுண்டைச் சுற்றி மெதுவாக ஓடினார். ஓடி முடித்து என்னிடம் வந்தபோது கண்ணைச் சுருக்கினார்.

"வெளிச்சம் கூசுதா?"

"ஏப்ரல் மாசத்துப் பாலக்காட்டு வெயில்ணே. நீங்களும்தான் சுருக்கிட்டு நிக்கிறீங்க."

உண்மைதான். நானும் சுருக்கிக்கொண்டுதான் நின்றேன். அந்தக் கண் சுருக்கம் வெயிலாலா, உள்ளே இருக்கிற வீக்கத்தாலா என்று சொல்ல எந்தக் கருவியும் என்னிடம் இல்லை. கணுக்கால் என்றால் விரலைப் பார்க்கலாம். மூளைக்கு எந்த விரலைப் பார்ப்பது?

அன்றைக்கே கோச் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"சேட்டா, ஸ்கேன் கிளியர். தலைவேதனை இல்ல. ஃபிட்னெஸ் ஃபார்ம்ல உங்க ஒப்பு மட்டும் போதும். சைன் பண்ணுங்க."

"இன்னும் ரெண்டு படி பாக்கி இருக்குதுங்க சார். ஆளோட மோத விடல."

"அதெல்லாம் யூரோப்ல. இவிடே யாரு எண்ணிட்டிருக்கா?" அவர் குரல் இறங்கியது. "சம்சுவை நம்பி இந்த மேட்ச் எறக்க முடியாது. அவனுக்குத் தொண்ணூறு மினிட் கால் இல்ல. உங்களுக்கும் அறியும்."

"முடியாதுங்க சார்" என்றேன். அவர் எழுந்து போனார்.

மறுநாள்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. முதல் டிவிஷனில் பெரிய கிளப் ஒன்றிலிருந்து ஆள் தேர்ந்தெடுக்கும் ஸ்கவுட் ஒருவர் கடைசி ஆட்டம் பார்க்க வருகிறார். வருவதே ஜெயசீலனைப் பார்க்கத்தான். முப்பத்தொரு வயது சென்டர் பேக்கைத் தேடி அப்படி ஒருவர் வருவது ஒரு தடவைதான் நடக்கும். இதை ஜெயசீலன் என்னிடம் சொல்லவில்லை. ரீட்டா போனில் சொன்னார்.

அவர் எண்ணைப் பார்த்ததும், புருஷனை ஆட விடாதீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மனசுக்குள் ஒரு தைரியம்கூட வந்தது. ஆனால் அவர் பேசியது வேறு.

"அண்ணே, நானும் அன்னைக்கு நேர்ல பாத்தேன். எனக்குப் பயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவரு பன்னெண்டு வயசுலருந்து இதுக்குத்தான் ஓடிட்டு இருக்காரு. இந்த ஒரு ஆட்டத்துல ஒக்கார வச்சீங்கன்னா காலம் பூரா அதையே நெனச்சிட்டு இருப்பாரு. அவரோட இருக்கப் போறது நான். கொஞ்சம் யோசிங்கண்ணே."

"யோசிக்கறேம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டு கிரவுண்டுக்குப் பின்னால் இருந்த தோப்பில் நடந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை மட்டைகளை அடித்துக்கொண்டிருந்தது. நடந்து நடந்து வாய்க்கால் வரைக்கும் போய்விட்டேன். ஆட விட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு ஒன்றும் ஆகாது என்று எனக்கே தோன்றியது. ஒன்றும் ஆகாமல் அவர் ஆடி, ஜெயித்து, பெரிய கிளப்புக்குப் போவதை என்னால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. ஆறாத தலையில் இரண்டாவது அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பைக்கிலிருந்து விழுந்து, சரியாகிவிட்டது என்று நாலாம் நாள் மறுபடி வண்டி ஓட்டி, மறுபடி விழுந்த ஒருவர். ஸ்பூன் பிடிக்க அவருக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. வேறு எதையும் அவருக்குத் திருப்பித் தர என்னால் முடியவில்லை.

மறுநாள் ஆட்டம். அன்று சாயங்காலமே சின்னச்சாமி தோப்பு வீட்டுக்குக் கூப்பிட்டார். கோச்சும் ஜெயசீலனும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ஃபார்ம் மேஜை மேல் இருந்தது.

"நீங்க கையெழுத்துப் போடலீன்னா வேற டாக்டரு ஒருத்தருகிட்ட வாங்கிப் போடலாம்னு கோச்சு சொல்றாருங்க" என்றார் சின்னச்சாமி. "நீங்க என்ன சொல்றீங்க?"

"வாங்கறதுன்னா வாங்கிக்குங்க. என்னால தடுக்க முடியாதுங்க. ஆனா நாளைக்கி நான் பையத் தூக்கிட்டு பெஞ்சுக்கு வரமாட்டேன்."

ஜெயசீலன் எழுந்தார். "அண்ணே, என் தலைண்ணே. எனக்கு நல்லா இருக்குன்னு நான் சொல்றேன். ஆடுறது நானு. உங்களுக்கு என்ன?"

"கணுக்காலா இருந்தா உன் இஷ்டம்னு விட்டுருவேன், ஜெயசீலா."

"அப்ப நான் பொய் சொல்றேங்கிறீங்களா?"

"இல்ல. தொடுபுழாலயும் நீ பொய் சொல்லல."

அவர் முகம் மாறிவிட்டது. என்னை அடித்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சின்னச்சாமி அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தார். "ரங்கன் விசயத்துல நான்தானுங்க கேலரியில இருந்து எறக்கு, எறக்குன்னு கத்துனேன். உங்களுக்குக் கேட்டிருக்காது" என்றார். பிறகு ஃபார்மை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சம்சு ஆடட்டும், கோச்சு. தோத்தா என்னைய வையுங்க."

கோச் என்னைப் பார்க்கவே இல்லை. "தோத்தா யாரையும் வையறதுக்கு நேரம் இருக்காது. நான் வேற வேலை நோக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

5. சம்சுதீனின் தொண்ணூறு நிமிடம்

ஆட்டத்தன்று காலை சம்சுதீன் கடையைத் திறந்து இரண்டு லாரிக்குப் பஞ்சர் போட்டுவிட்டுத்தான் வந்தார். "சும்மா இருந்தா இருப்புக் கொள்ளல பாய். அதுதான் ரெண்டு வீலக் கழட்டிட்டு வந்தேன்" என்றார். எல்லோரையும் பாய் என்பார். நகக்கண்ணில் கரி இருந்தது. அவருடைய இரண்டு கெண்டைக்காலையும் பிடித்துவிட்டபோது கல் மாதிரி இருந்தன.

கேலரி நிறைந்திருந்தது. ஸ்கவுட் வி.ஐ.பி. வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஜெயசீலன் சாதாரணச் சட்டையில் பெஞ்சுக்குப் பின்னால் நின்றார். என்னோடு பேசவில்லை.

பத்தொன்பதாவது நிமிடம் எதிரணி இடது பக்கமிருந்து ஒரு கிராஸ் போட்டது. சம்சுதீன் காலை நீட்டினார். பந்து அவர் பூட்ஸில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போனது. ஓன் கோல். கிரவுண்ட் முழுக்க ஒரு முனகல். யாரோ கேலரியிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஃபார்ம் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. வாட்ஸப் இருக்கும்போது எது தெரியாது?

அன்றைக்குத்தான் அந்த சீசனிலேயே முதல் முறையாக நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால்களைப் பார்க்க முடியவில்லை. பாட்டில்களை எடுத்து அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன்.

இடைவேளையில் டிரெஸ்ஸிங் ரூமில் சம்சுதீன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோச் தொண்டையைச் செருமினார். அதற்குள் ஜெயசீலன் உள்ளே வந்தார். சம்சுதீன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டை இழுத்தார்.

"அந்த ஒம்பதாம் நம்பர் எப்பவும் வலது காலுக்குத்தான் திரும்புறான். நீங்க அவன் மேல போயி விழாதீங்க. ரெண்டு எட்டு தள்ளி நில்லுங்க, திரும்பட்டும், திரும்புனதும் எடுங்க. ஓட வேண்டாம் பாய். உங்களுக்கு ஓட்டம் வேண்டாம், நிக்கத் தெரிஞ்சா போதும்."

அதற்குப் பிறகு சம்சுதீன் நின்றார். அந்த ஒன்பதாம் நம்பர் நான்கு தடவை திரும்பினான், நான்கு தடவையும் பந்து சம்சுதீன் காலில் இருந்தது. எழுபதாவது நிமிடம் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்தது. ஓடிப் போய் நீட்டிவிட்டேன். "என்னை மாத்தச் சொல்லாதீங்க பாய்" என்றார். அழுத்திப் பார்த்தேன். வெறும் கிராம்ப், கிழிசல் இல்லை. "ஆடுங்க" என்றேன். ரங்கனையும் இப்படித்தான் அனுப்பினேன். இந்த முறை விரல் சொன்னதைக் கேட்டு அனுப்பினேன்.

எண்பத்து நாலாவது நிமிடம் எங்களுக்கு ஒரு ஃப்ரீ கிக். அடித்த பந்து சுவரில் பட்டு, ஒருவர் முட்டியில் பட்டு, மெதுவாக உருண்டு போஸ்ட் ஓரமாக உள்ளே போனது. அழகான கோல் இல்லை. அதை யார் அடித்தது என்று இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு இருக்கிறது.

ஒன்றுக்கு ஒன்று. மிச்சம் ஆறு நிமிடமும், கூடுதலாக ஐந்து நிமிடமும். அந்தப் பதினோரு நிமிடமும் நான் எங்கே நின்றேன் என்று எனக்கே நினைவில்லை. விசில் ஊதியபோது கார்னர் கொடிக்குப் பக்கத்தில் இருந்தேன் என்று சொல்கிறார்கள்.

மைதானம் முழுக்க ஆட்கள். சின்னச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார், அவருடைய இடுப்புக்கு அது ஆகாது. கோச் என்னிடம் வந்து கட்டிப்பிடித்தார். சம்சுதீன் சென்டர் வட்டத்தில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தார்.

ஜெயசீலனைத் தேடினேன். குழு போட்டோவில் அவர் நிற்கிறார், ஓரமாக, சாதாரணச் சட்டையில். அதற்குப் பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். ஸ்கவுட் எங்கள் கோல்கீப்பரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

6. ஜூன்

இரண்டு மாதம் ஜெயசீலனிடமிருந்து பேச்சில்லை. நான் இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. பெரிய கிளப் எங்கள் கோல்கீப்பரை எடுத்துக்கொண்டது. ஜெயசீலனைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. வேறு கிளப்புக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். எஸ்டேட்டிலேயே வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார். நாங்கள் முதல் டிவிஷனுக்குப் போயிருந்தோம், என்னால் அதைக் கொண்டாட முடியவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் ஆட விட்டிருக்கலாமோ என்று ஒருமுறை நினைப்பேன். பிறகு ஸ்பூன் பிடிக்கக் கற்றுக்கொண்ட அந்த மனிதரை நினைப்பேன். இரண்டுக்கும் நடுவில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தேன்.

ஜூனில் புது சீசன் பயிற்சி தொடங்கிய நாள், மழை விட்டிருந்த காலை, அறையில் டேப் ரோல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜெயசீலன் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மெலிந்திருந்தார்.

"வாப்பா" என்றேன்.

டேப் ரோல் ஒன்றை எடுத்து உருட்டினார். பிறகு சொன்னார். "அந்தத் தொடுபுழா மேட்ச யூட்யூப்ல பாத்தேண்ணே. ரெண்டு மூணு தடவ பாத்தேன். அந்தக் கோலுக்கு நான் பாஸ் கொடுக்கிறது இருக்கு. எனக்கு நெனப்பே வரல. இன்னைக்கு வரைக்கும் வரல. யாரோ என் சட்டையப் போட்டுட்டு ஆடுற மாதிரி இருக்கு."

நான் கையிலிருந்த ரோலைக் கீழே வைத்தேன்.

"ஆனா கடைசி மேட்ச் அன்னைக்கு நான் நல்லாத்தான் இருந்தேண்ணே. இப்பவும் அதத்தான் சொல்வேன்."

"இருந்திருக்கலாம்."

"ஆடியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"தெரியாதுப்பா. ஒண்ணும் ஆகாமப் போயிருக்கலாம். நீ இன்னிக்கி பெரிய கிளப்புல இருந்திருக்கலாம்."

"தெரியாமயா நிறுத்துனீங்க?"

"தெரியாததுனாலதான் நிறுத்துனேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் முழுக்கப் போகவில்லை. அந்த வருஷமும் அவர்தான் கேப்டன். முதல் டிவிஷனில் இரண்டு சீசன் ஆடிவிட்டு நிறுத்திக்கொண்டார். எனக்குப் பிள்ளை போலெல்லாம் ஆகவில்லை. தீபாவளிக்கு ஒரு மெசேஜ் வரும், கிறிஸ்துமஸுக்கு நான் ஒன்று அனுப்புவேன், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: எப்படிச் சார் அவ்வளவு உறுதியா நின்னீங்க? நான் உறுதியாக நிற்கவில்லை. அந்த ஆறு நாளும் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தவன் நான். சந்தேகம் தீர்ந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால், அந்தக் காகிதத்தில் வேறு யாராவது கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நமக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லி, ஆளை வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் நம்மைத் திட்டலாம், ஊர் திட்டலாம், நம் மனசே திட்டலாம். சரியாகத்தான் செய்தாய் என்று கடைசி வரைக்கும் யாரும் வந்து சொல்லாமலே போகலாம். அதையும் சேர்த்துத்தான் இந்த வேலை.